தவக்காலத்துத் தண்ணீர்

பங்குனி பிறந்த வாரம் எனக்கு ஒன்றுக்கு வருவது நின்றுபோனது. உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு அது முதலில் நல்லதாகத்தான் தெரியும். மரக்காணத்து உப்பளத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் பாத்தியில் நிற்கிறவள் தெரிவாள். அதனால் நாங்கள் தொண்டை நனைகிற அளவுக்குத்தான் குடிப்போம். மற்றதெல்லாம் வீட்டுக்குப் போய்த்தான்.

அதனால் எனக்கு உறைக்கக் கொஞ்சம் நாளானது. வீட்டுக்கு வந்தும் வரவில்லை. வந்ததும் கொஞ்சம்தான், கடுங்காப்பி நிறத்தில். காலையில் எழுந்தால் முகம் உப்பியிருந்தது.

"நல்லா சதை போட்டுக்கினியே மேரி" என்றார் என் வீட்டுக்காரர் சவரி. சிரித்தார். மறுநாள் நான் உப்பு வாருகிற பலகையைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அப்போது அவர் சிரிக்கவில்லை.

என் பேர் அற்புதமேரி. எட்டாவது வரை படித்தேன். பங்குக் கோயில் பெண்கள் கூட்டத்தில், பட்டதை எழுதிக் கொடு, நாலு பேர் படிக்கட்டும் என்றார்கள். ஜோடித்து எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

ஒரே மகள் ஸ்டெல்லா. கோட்டக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தோம். மருமகன் ஜான் ஆரோவில்லில் எலக்ட்ரீஷியன். ஸ்டெல்லாவுக்கு இரண்டு தடவை நின்று, இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. மூன்றாவது தடவை நின்றிருந்தபோது சாம்பல் புதன் வந்தது. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குத் தவக்காலம். ஆளுக்கு ஒன்றை விடுவோம். சவரி பீடியை விட்டார். பக்கத்து வீட்டில் கறி விட்டார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். விடுகிற அளவுக்கு என்னிடம் என்ன இருக்கிறது? டீ கூட மேஸ்திரி வாங்கிக் கொடுத்தால்தான். பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டுச் சொன்னேன்: ஈஸ்டர் வரை பொழுது விடிந்து கோயிலில் சாயந்திர மணி அடிக்கிறவரைக்கும் பச்சைத்தண்ணீர் தொடமாட்டேன், என் மகள் வயிற்றில் இருப்பது தங்கணும்.

யாரிடமும் சொல்லவில்லை. நோன்பை ஊருக்குக் காட்டக் கூடாது என்று பூசையில் கேட்டிருக்கிறேன். சவரியிடமும் சொல்லவில்லை. வேலைக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போய் அப்படியே கொண்டுவந்து, வாசலில் முருங்கைக்கு ஊற்றினேன். முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்குகிற மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன். கசந்தது. கசந்தால் நல்லது என்று நினைத்தேன்.

மரக்காணம் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள். காலை அழுத்திப் பார்த்தார்கள். குழி விழுந்து நின்றது. அங்கேயிருந்து ஆம்புலன்ஸில் புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டியில் சவரி என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். அதைக் கீழே வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பெஞ்சில் காத்திருந்தோம். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி பெஞ்ச். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் பேர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்து படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணாடி போட்டவர். நின்றபடி சொன்னார்.

"அம்மா, ரத்தத்துல கிரியாட்டினின்னு ஒண்ணு இருக்கும். சதை வேலை செய்யறப்ப சேர்ற கழிவு. கிட்னி நல்லா இருந்தா அதை வடிகட்டி ஒண்ணுக்குல தள்ளிடும். உங்களுக்குத் தள்ளல. உள்ளேயே ஏறிக்கிட்டு இருக்கு."

"சாவுற அளவுக்கா?" என்று கேட்டேன்.

சவரி என் கையைப் பிடித்தார். டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இன்னைக்கு டயாலிசிஸ் பண்ணணும்" என்றார்.

கழுத்துக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரக்கவைத்து, ஒரு குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டார்கள். அது வழியாக என் ரத்தம் மிஷினுக்குப் போய், கழுவி, திரும்பி வந்தது. அதுதான் டயாலிசிஸ். வலி இல்லை. குளிர்தான். உள்ளேயிருந்து வருகிற குளிர். சிவப்பாக ஓடுகிற குழாயைப் பார்க்காமல் இருக்கக் கூரையைப் பார்த்தேன். மிஷின் ஒரு சத்தம் போட்டால் சிஸ்டர் ஓடிவருவார். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் மாதாவைக் கூப்பிட்டேன். ஒன்றுக்கு வேறு குழாய், அதன் முனையில் ஒரு பை. கட்டிலோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பை காலியாகவே இருந்தது. வருகிற போகிற எல்லாரும் முதலில் பையைப் பார்த்தார்கள், பிறகு என்னை.

எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கல் இல்லை. உப்பளத்துக்காரி என்பதால் எலிக்காய்ச்சலா என்று பார்த்தார்கள். அதுவும் இல்லை. "தண்ணி குடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"குடிப்பேம்மா."

"நல்லா?"

"தாகம் எடுத்தா குடிப்பேன்."

அதோடு விட்டுவிட்டார். எனக்கு அப்போது வேறு கவலை. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அது தண்ணீர்தானே? பகலில் ஏறுகிறதே? அப்படியானால் பீடத்துக்கு முன்னால் சொன்ன நேர்ச்சை போச்சா? கேட்க யாரும் இல்லை. வாய் வழியாகப் போகவில்லை, ஆண்டவர் ஒத்துக்கொள்வார் என்று நானே ஒரு முடிவு பண்ணிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கலா. பெரிய முதலியார்சாவடிப் பக்கத்துக் கடலோரக் குப்பம். வீட்டுக்காரர் வலைக்காரர். என்னைவிட வயசில் சின்னவள். அவளுக்குக் கிட்னி போய் ரொம்ப நாளாகிறது. வாரத்தில் பாதி நாள் மிஷினில்தான். இந்தத் தடவை காய்ச்சல் வந்து படுக்கையில் சேர்த்திருந்தார்கள். அவள் கையில் மிஷினுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அது பாம்பு மாதிரிப் புடைத்திருந்தது. தொட்டுப் பார் என்றாள். தொட்டேன். உள்ளே கரகரவென்று ஓடியது. கையை எடுத்துக்கொண்டேன்.

"பயந்துட்டியாக்கா? எம் பையன் இதுல காது வெச்சி பாட்டு கேக்கறான்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் இப்படித்தான் தைப்பார்களா என்று நினைத்தேன். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தக் கைதான்.

இரண்டாவது டயாலிசிஸ் முடிந்தபிறகு பையில் கொஞ்சம் வந்தது. சவரி அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டரும் சந்தோஷப்பட்டார். டிரிப்ஸைக் குறைத்தார். "இனிமே வாய் வழியா குடிக்கணும். பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா. கிட்னி முழிக்கப் பாக்குது. தண்ணி குடுத்தாதான் முழிக்கும்" என்றார். சிஸ்டர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். இந்த வேளைக்கு இந்தக் கோடு வரைக்கும்.

நான் குடிக்கவில்லை. சவரி டீக்கடைக்குப் போகிற நேரம் பார்த்து, குழாய்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோய், கை கழுவுகிற தொட்டியில் ஊற்றினேன். கோடு சரியாக இருக்கும். சாயந்திரத்துக்குமேல் குடிப்பேன். ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருந்தது. ஸ்டெல்லாவுக்கு அதுவரை ஒன்றும் ஆகவில்லை. பாதியில் விட்டால்? விட்ட அன்றைக்கே ஏதாவது ஆனால்? கிட்னியைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

பையில் வருவது மறுபடி குறைந்தது. டாக்டர் அளவு எழுதுகிற தாளைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "இவ்வளவு குடிக்கிறாங்க, வெளியே வரலையே" என்று சிஸ்டரிடம் சொன்னார். சவரியை வெளியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்த சவரி உட்காரவில்லை.

"பயாப்ஸியாம். முதுகு வழியா ஊசி விட்டு, கிட்னிலேர்ந்து ஒரு துணுக்கு கிள்ளி எடுத்துப் பாப்பாங்களாம்."

"எதுக்கு?"

"கிட்னி ஒரேடியா கெட்டுப்போச்சான்னு பாக்க."

"கெட்டுப்போயிருந்தா?"

அவர் கலாவின் கட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார்.

பணத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மத்தியானம் சாப்பிட்டேன் என்று சொன்னது பொய் என்று தெரியும். ஸ்டெல்லா வீட்டிலிருந்து வருகிற ரசசாதத்தில் பாதியை எனக்குச் செல்லாது என்று சொல்லி அவரிடம் தள்ளுவேன். அவரும் தெரிந்துதான் வாங்கிக்கொள்வார்.

மறுநாள் காலையில் தொட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். கலா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, இன்னா பண்றே?"

"ஒண்ணுமில்ல. கை கழுவனேன்."

"நேத்துலேர்ந்து பாக்கறேன். பாட்டில் பாட்டிலா கை கழுவறே."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். ஆனால் கோபம் தாழவில்லை.

"எனக்கு ஒரு நாளைக்கு அந்தச் சின்ன பாட்டில் அளவு தண்ணி. அதுக்கு மேல குடிச்சா நெஞ்சுல ஏறிக்குது. நாக்கு ஒட்டிக்கினா ஐஸ் துண்டு சப்பறேன். எனக்குக் கனாவுல புருஷன் வர்றதில்ல, புள்ள வர்றதில்ல, பம்பு செட்டுதான் வருது. நீ எங்கண்ணு எதுர தொட்டியில ஊத்தறே."

காலிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன்.

"யாருக்கு வேண்டிக்கினே?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் வேண்டாததா? தீ மிதிச்சிருக்கேன், மொட்டை போட்டிருக்கேன். எங்க ஆத்தா முடி கேட்டா, குடுத்தேன். கிட்னி கேக்கல." பிறகு கொஞ்சம் தணிந்து, "டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள நீயா சொல்லிடு. இல்ல, நான் சொல்லிடுவேன். எங்கிட்ட ரகசியம் நிக்காது, என் ஊட்டுக்காரனைக் கேளு" என்றாள்.

படுத்தேன். சவரி மருந்து வாங்கப் போயிருந்தார். வெளியில் நல்ல வெயில். நாக்கு வறண்டிருந்தது.

செபம் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. ஒரு விஷயம்தான் தோன்றியது. நான் ஆண்டவரை மேஸ்திரி மாதிரி வைத்திருந்தேன். மேஸ்திரி ஒரு நாள் வரவில்லையென்றால் வாரக் கூலியைப் பிடிப்பார். நேற்று வந்தது, முந்தாநாள் வந்தது எல்லாம் அவருக்குக் கணக்கில்லை. ஒரு பகல் நான் தண்ணீர் குடித்தால் ஆண்டவரும் குழந்தையைப் பிடித்துக்கொள்வார் என்றுதான் நான் அவரை நினைத்திருந்தேன். நினைத்துப் பார்த்தால் பெற்ற தகப்பனைப் பற்றிக்கூட ஒருத்தி அப்படி நினைக்கமாட்டாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஊரில் இந்நேரம் சிலுவைப்பாதைக்கு ஏற்பாடு நடக்கும். சிலுவையில் தொங்கியவர் தாகமாயிருக்கிறது என்று சொன்னதை எத்தனை தவக்காலத்தில் கேட்டிருக்கிறேன். அவர் அதை வாய்விட்டுச் சொன்னார். சுற்றிலும் வேண்டாதவர்கள் நிற்கும்போது சொன்னார். மறைத்துவைக்கவில்லை. எனக்கு எதிரில் வந்து நிற்பவர் என்னைப் பிழைக்கவைக்கப் பார்க்கிற டாக்டரம்மா. அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சவரி வந்ததும் அவரிடம் முதலில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் புத்தி சொல்வார் என்று நினைத்தேன். அவரும் பயந்துபோனார்.

"நேர்ச்சைன்னா... நம்மளா விடலாமா? ஞாயித்துக்கிழமை கோயில் சாமியாரு நன்மை அப்பம் குடுக்க வார்டுக்கு வருவாரு. அவரைக் கேட்டுக்கலாம். அவரு விடுன்னா விடலாம்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் கிட்னி நிக்குமா?"

"ஸ்டெல்லா..."

"எனக்கும் அந்தப் பயம்தாங்க. சாமியாரு வரட்டும், அவர்கிட்டயும் சொல்றேன். இப்ப நான் டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைமாட்டில் வந்து நின்றுகொண்டார்.

டாக்டர் வந்ததும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"முட்டிக்கு. தினம்."

"தண்ணி இல்லாமலா?"

"தண்ணி இல்லாமதான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடம்புல தண்ணி இல்லைன்னா கிட்னிக்கு ரத்தம் குறைஞ்சிடும். அந்த நேரத்துல வலி மாத்திரை போட்டா இருக்கிற ரத்தத்தையும் போகவிடாது. வெயில், தாகம், மாத்திரை மூணும் சேர்ந்து அடிச்சிருக்கு. இது மட்டும்தான் காரணம்னா திரும்ப வர வாய்ப்பு இருக்கும்மா. இங்க வந்தும் கொட்டினீங்களா?"

"கொட்டினேன்."

"பயாப்ஸி ஊசி இப்ப வேணாம். முதல்ல குடிங்க. பாக்கலாம்."

வாய்ப்பு இருக்கிறது என்றுதான் சொன்னார். வந்துவிடும் என்று சொல்லவில்லை.

சவரி டம்ளரில் ஊற்றினார். டம்ளர் நிரம்பி என் புடவையில் கொஞ்சம் சிந்தியது. சிலுவை போட்டுக்கொண்டு குடித்தேன். தித்திப்பாக இருந்தது. தித்தித்ததே எனக்குப் பயமாக இருந்தது. கலா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் சவரியின் போன் அடித்தது. ஜான்தான். சவரி எழுந்து கதவுவரை போனார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வந்தார். "ஸ்டெல்லாவுக்கு லேசா ரத்தம் பட்டிருக்குதாம். டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறானாம்."

என் கையில் அடுத்த டம்ளர் இருந்தது.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்க வாய் வந்தது. காலையிலா, நான் குடித்ததற்கு முன்னாலா, பின்னாலா. கேட்கவில்லை. முன்னால் என்று சொன்னால் நிம்மதியாக இருக்கும். பின்னால் என்று சொன்னால் செத்துப்போவேன். எதைச் சொன்னாலும் நான் மறுபடி மேஸ்திரி முன்னால் கூலிக்கு நிற்கிறவளாகிவிடுவேன்.

சவரி டம்ளரைப் பார்த்தார். "வெச்சிடு மேரி. இன்னைக்கு ஒரு நாள்."

"இல்லங்க."

குடித்தேன். பல் டம்ளரில் இடித்தது. காலி பண்ணினேன். இன்னொன்று ஊற்றச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் எதையும் செய்ததில்லை.

பொழுது சாய ஜான் மறுபடி கூப்பிட்டான். ஸ்கேனில் துடிப்பு இருக்கிறது, ரத்தம் நிற்கும்வரை படுத்தே இருக்கவேண்டும் என்றானாம். சவரி தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. இது கூலியாக வந்ததில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லாவிட்டால் நாளைக்கு ஒன்று ஆனால் தண்டனை என்று நினைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் சொன்னேன். அவர் குடிம்மா என்றார். நன்மை கொடுத்தார். அதற்குள் பையில் ஓரளவு வந்திருந்தது.

திங்கட்கிழமை ஸ்டெல்லாவே போன் பண்ணினாள். படுத்தபடி பேசினாள். குரல் மெல்ல வந்தது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுதான். மனசு கேக்கல."

"இன்னா?"

"ஈஸ்டர் வரைக்கும் பகல்ல ஒண்ணும் தொடறதில்லன்னு வேண்டிக்கினேன். சோறு தண்ணி எதுவும். உனக்கும் நல்லாவும். புள்ளையும் நிக்கும்."

"எப்பலேர்ந்து?"

"இன்னைக்குக் காலையிலேர்ந்து."

சவரி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். நான் அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினேன்.

"ஸ்டெல்லா, நான் எதனால இங்க வந்து படுத்துக்கினு இருக்கேன் தெரியுமா?" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பீடத்துக்கு முன்னால் சொன்னது, முருங்கைக்கு ஊற்றியது, தொட்டியில் ஊற்றியது. கலா சொன்னதையும் சொன்னேன்.

"எனக்காகவா?" என்றாள்.

"உனக்காகத்தான். நல்லதுன்னு நெனச்சிதான். நீயும் நல்லதுன்னுதான் நெனைக்கறே."

அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

"பக்கத்துல தண்ணி இருக்குதா?"

"இருக்குது. சொம்புல."

"எடு."

"அம்மா, நான் குடிச்சி ஏதாச்சும் ஆயிட்டா?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்குது. போகல. வெச்சிக்கினேதான் குடிக்கறேன். நீயும் குடி. போனைக் காதுலேர்ந்து எடுக்காத, நான் கேக்கணும்."

ஒரு மிடறு கேட்டது. பிறகு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு தொடர்ந்து குடித்தாள்.

இதை எழுதும்போது ஸ்டெல்லாவுக்கு எட்டாம் மாதம். எனக்குக் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். டயாலிசிஸ் இல்லை. கலா இன்னும் மிஷினுக்குப் போகிறாள். எனக்கு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. ரிசல்ட் வாங்குகிற நாள் விடியுமுன்பே முழிப்பு வந்துவிடும். ஸ்டெல்லா ஸ்கேனுக்குப் போகிற நாளும் அப்படித்தான். அந்த நாட்களில் கோயிலுக்குப் போகிறேன். எதையும் விடுவதாக இப்போது சொல்வதில்லை. ஆண்டவரே, பயமாயிருக்குது என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன்.